எண்ணிச் சுற்றிய 32 நிமிடம்

"கேட்காதேடா. பழசு இருக்கல்லோ, அது மதி."

2024 செப்டம்பர் 6-ஆம் தேதி காலையில் போனை எடுத்ததும் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த முதல் செய்தி இதுதான். அனுப்பியவன் என் பள்ளித் தோழன். சித்தூர்க்காரன், ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் மலையாளம், என்னோடு தமிழ், மனசு கனத்தால் இரண்டும் கலந்து வரும். 'மதி' என்றால் மலையாளத்தில் 'போதும்'. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "எனிக்கு பற்றில்லெடா." என்னால் முடியாதுடா.

லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் பேண்ட் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கச்சேரியை நேரலையில் நடத்தியிருக்கிறார்கள். பாட்டுக்கு எமிலி ஆம்ஸ்ட்ராங், டிரம்முக்கு காலின் பிரிட்டன் என்று இரண்டு புது ஆட்களை மேடையேற்றி, நவம்பர் 15-ல் 'ஃப்ரம் ஸீரோ' என்று ஆல்பம் வருகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். அதன் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்துபோய் ஏழு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஆல்பம் வந்தும் இப்போது பல மாதம் ஆகிவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இது கேரளம்தான். ஆனால் தெருவில் நின்றால் காதில் விழுவது தமிழ். கரண்ட் பில் மலையாளத்தில் வரும், கல்யாணப் பத்திரிகை தமிழில் வரும். வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. செல்போன் வந்த புதிதில் அந்த இடத்தைத் தாண்டினதும் ரோமிங் விழும் என்று போனை அணைத்துவிட்டுப் போவோம். சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாயில் வருகிற காற்று ஆளைத் தள்ளும், மழை மட்டும் மேற்கோடு நின்றுகொள்ளும். அதனால் தென்னந்தோப்புக்கெல்லாம் போர்வெல் வேண்டும், போர்வெல்லுக்கு மோட்டார் வேண்டும், மோட்டார் எரிந்தால் எங்களிடம் வரவேண்டும். கடை அப்பா ஆரம்பித்தது.

2003-ல் நான் பிளஸ் ஒன். மேலே சொன்ன நண்பனின் அண்ணன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த கேசட்டுகளில் ஒன்று லிங்கின் பார்க்கின் 'மெட்டியோரா'. மற்றதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டு. இதை மட்டும் யாரும் தொடவில்லை, அதனால் எங்கள் கைக்கு வந்தது. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்தால் முழங்கை நீளம் இருக்கும். எறும்பு ஊர்வதுபோல பொடி எழுத்தில் எல்லாப் பாட்டின் வரிகளும் இருந்தன. நான் தமிழ் மீடியம். பாட்டு ஓடும்போது ஒரு வார்த்தையும் பிடிபடாது. அதனால் கேசட்டை ஓடவிட்டு, தாளைப் பார்த்து, தெரியாத வார்த்தைக்கு லிப்கோ அகராதியைப் புரட்டுவேன்.

கடைசிப் பாட்டு 'நம்ப்'. அகராதியில் 'மரத்துப்போன, உணர்ச்சியற்ற' என்று போட்டிருந்தது. மரத்துப்போவது எனக்குத் தெரியும். கடையில் அப்பாவுக்கு எப்போதாவது கரண்ட் அடித்தால், கையை உதறிக்கொண்டே அவர் சொல்கிற வார்த்தை அது. "மரத்துப்போச்சு, ஒண்ணுமில்ல." ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அந்தக் கையால் எதையும் எடுக்க மாட்டார். அந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு அதற்குமேல் அகராதி தேவைப்படவில்லை.

அந்த பேண்டில் இரண்டு குரல். மைக் ஷினோடா ராப் பாடுவார், நேரான குரல், கணக்குச் சொல்வதுபோல வரும். அதன்மேல் செஸ்டரின் குரல் ஏறும். எல்லாரும் அவருடைய கத்தலைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அவர் கத்தும்போதும் சுருதி விலகாது. அடித்தொண்டையிலிருந்து கிழித்துக்கொண்டு வருகிற அந்தச் சத்தத்துக்குள் ஒரு ஸ்வரம் நிற்கும், அதை நாம் கூடவே முணுமுணுக்க முடியும். மெதுவாகப் பாடும்போது கேட்டால், குரலின் ஓரம் மட்டும் நைந்த வேட்டிக் கரைபோல இருக்கும். நடுவில் சுத்தம், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும்.

என் தொழிலில் பாதி காதில் இருக்கிறது. மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதெலும்பில் ஒட்டிக் கேட்டால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு அரவல் வரும். மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போயிருந்தால் கிளம்ப முடியாமல் முனகும். சத்தத்தில் ஓரத்தைக் கேட்கிற பழக்கம் எனக்கு இந்தக் கடையில் வந்ததா, அந்தக் கேசட்டில் வந்ததா, தெரியாது. இரண்டும் ஒரே வருடத்தில் ஆரம்பித்தவை.

அப்புறம் கோயமுத்தூரில் டிப்ளமோ. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு கொடுத்து டவுன்லோட் செய்து, சிடி எரித்து, அதைக் கேட்டுத் தேய்த்து, மறுபடி எரித்து. 2000-ல் வந்த முதல் ஆல்பமான 'ஹைப்ரிட் தியரி'யை நான் இரண்டாவதாகத்தான் கேட்டேன். 2007-ல் வந்த 'மினிட்ஸ் டு மிட்நைட்'டில் 'கிவன் அப்' பாட்டின் நடுவே செஸ்டர் 17 வினாடி ஒரே மூச்சில் அலறுவார். வேலந்தாவளம் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நானும் நண்பனும் அதைக் கடிகாரம் பார்த்து எண்ணியிருக்கிறோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எங்கள் இருவராலும் பத்தைத் தாண்ட முடியவில்லை. 2010-ல் 'எ தௌசண்ட் சன்ஸ்' வந்தபோது அவனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு உயிர். ஒரு வாரம் பேசாமல் இருந்தோம்.

செஸ்டர் இருந்தவரை அவர்கள் இந்தியாவுக்கு வந்து பாடியதேயில்லை. வந்தால் எங்கே போய்ப் பார்ப்பது, பெங்களூரா மும்பையா, லீவுக்கு வீட்டில் என்ன சொல்வது என்பதுவரை நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

இப்போது 2017-க்கு வருகிறேன்.

2016-ல் கேரளத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் பொய்த்தது, துலாவர்ஷம் என்கிற வடகிழக்கு மழையும் பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் பக்கம் போர்வெல்களில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி மோட்டார்கள் வரிசையாக எரிந்தன. கடை வாசலில் சப்மர்சிபிள் மோட்டார்கள் நீள நீளமாகப் படுத்துக் கிடக்கும். தோப்புக்காரர்கள் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். "எப்படியாச்சும் நாளைக்குக் குடுத்துருங்க, மரமெல்லாம் குரும்பையை உதிர்க்குதுங்க." அப்பாவும் நானும் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிவரை காயில், அதாவது காப்பர் கம்பிச் சுருள், கட்டினோம்.

அந்த மே 19-ல் 'ஒன் மோர் லைட்' வந்தது. பத்துப் பாட்டு. கிடார் பின்னால் போயிருந்தது, அலறல் இல்லை. எல்லாம் மெத்தென்று, ரேடியோவுக்காகச் செய்த பாட்டுகள்போல இருந்தன. உலகம் பூராவும் பழைய ரசிகர்கள் திட்டினார்கள். செஸ்டர் பேட்டிகளில் அதற்குக் கோபப்பட்டுப் பதில் சொன்னார்.

நானும் திட்டினேன். ராத்திரி வேலையின் களைப்பில் பாதி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, மீதியைத் தள்ளித் தள்ளி ஓட்டிவிட்டு, ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். உப்பில்லாத கஞ்சி என்று ஆரம்பித்தேன். கடைசி வரி எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது: "இந்த மனுஷனுக்கு இனிமேல் வலிக்கிறதில்லை போலிருக்கிறது. வலி போனதும் குரலும் போய்விட்டது." நன்றாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20-ஆம் தேதி, செஸ்டர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 41.

எனக்கு 21-ஆம் தேதி காலையில் தெரிந்தது. கடையைத் திறந்து, ஒரு மோனோபிளாக் மோட்டாரின் ஸ்டேட்டரில், அதாவது சுழலாத வெளிப்பாகத்தில், காயிலை இறக்கி முடித்திருந்தேன், வார்னிஷ் ஊற்றுவது மட்டும் பாக்கி. போனைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து கேட்டார், "என்ன கண்ணு, யாருக்கு என்ன?"

"ஒரு பாட்டுக்காரருங்கப்பா. அமெரிக்கால. இறந்துட்டாருங்க."

"உனக்குப் பழக்கமா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, இன்னிக்கு வார்னிஷ் நான் ஊத்திக்கறேன். நீ வீட்டுக்குப் போய் உக்காரு" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். என்னைத் தவிர யாருக்கும் அது நினைவிருக்காது. ஒரு கொழிஞ்சாம்பாறைக்காரன் தமிழில் எழுதினது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்றும் தெரியும். ஆனால் அந்த வரியை எழுதியவன் நான். வலியைக் காதால் கேட்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அது குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தபோது இல்லை என்று எழுதிவிட்டேன். அதன்பிறகு 'ஒன் மோர் லைட்'டை நான் முழுதாகக் கேட்கவேயில்லை.

அந்த அக்டோபரில் ஹாலிவுட் பௌல் அரங்கில் செஸ்டருக்கு அஞ்சலிக் கச்சேரி நடத்தினார்கள். பல பாட்டுகளை மற்ற பாடகர்கள் வந்து பாடினார்கள். 'நம்ப்' வந்தபோது யாரும் பாடவில்லை. பேண்ட் வாசித்தது, பாடகரின் இடம் காலியாக இருந்தது, வந்திருந்த கூட்டமே முழுப் பாட்டையும் பாடியது. அதை யூடியூபில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. அந்தக் காலி இடம் அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். 2023-ல், 'மெட்டியோரா' வந்து இருபது வருடம் ஆனதற்காக, அந்த ஆல்பத்தின் சமயத்தில் பதிவுசெய்து வெளியிடாமல் வைத்திருந்த 'லாஸ்ட்' என்ற பாட்டை எடுத்து விட்டார்கள். இருபது வருடம் பெட்டியில் இருந்த குரல். பிளஸ் ஒன்னில் நான் அகராதி புரட்டிய அதே குரல். இனி இப்படித்தான், பழைய பெட்டியிலிருந்து எப்போதாவது ஒன்று வரும், அது போதும் என்று மனதைத் தயார் செய்திருந்தேன்.

அப்போதுதான் எமிலி வந்தார்.

நண்பன் கேட்காதே என்றான். நான் அன்றைக்குக் கடைக்குப் போகும் வழியிலேயே கேட்டுவிட்டேன். 'தி எம்ப்டினெஸ் மெஷின்'. முதல் சரணமும் பல்லவியும் மைக் பாடுகிறார். தெரிந்த குரல், தெரிந்த வீடு. இரண்டாவது சரணத்தில்தான் எமிலி நுழைகிறார். அதை யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய், அப்புறம் புது ஆளைக் காட்டுவதுபோல. எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. குரலும் பிடித்திருந்தது. கரகரப்பும் உரமுமான குரல், பல்லவியில் பாட்டையே தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் பைக்கை ஓரமாக நிறுத்தினேன். சந்தோஷமாக இருந்தது. அதோடு, யாருக்கோ துரோகம் செய்வதுபோலவும் இருந்தது.

நவம்பரில் ஆல்பம் முழுதாக வந்தது. ஆரம்பத்தில் வருகிற சின்ன அறிமுகத்தையும் சேர்த்து 11, மொத்தம் சுமார் 32 நிமிடம். 'ஹைப்ரிட் தியரி'யே 37 நிமிடத்துக்கு மேல் ஓடும். எதையும் நீட்டவில்லை. எல்லாம் நான்கு நிமிடத்துக்குள் வந்து, அடித்து, போய்விடுகிறது.

எங்கள் தொழிலில் எரிந்த காயிலை வெட்டி எடுத்ததும் அப்படியே பழைய இரும்புக்குப் போட மாட்டோம். ஒரு கட்டைப் பிரித்து, கம்பியை ஒவ்வொன்றாக எண்ணுவோம். எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் புதுக் காப்பரைச் சுற்றுவோம். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும். 'ஃப்ரம் ஸீரோ'வைக் கேட்கும்போது பல பாட்டுகளில் எனக்குத் தோன்றியது இதுதான். பழைய காயிலைப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். 'டூ ஃபேஸ்ட்' பாட்டில் பேண்டின் டிஜே ஜோ ஹான் இசைத்தட்டைத் தேய்த்து எழுப்பும் ஸ்கிராட்ச் சத்தம், மைக்கின் ராப், உச்சத்துக்கு முன்னால் எல்லாம் அடங்கி ஒரு நொடி காத்திருப்பது, பிறகு அலறல், ஒவ்வொன்றும் 2000-த்தில் எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கிறது. 'ஹெவி இஸ் தி க்ரௌன்' பாட்டில் எமிலி ஒரு நீண்ட அலறல் வைத்திருக்கிறார். கேட்டதும் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. வேலந்தாவளம் பஸ் ஞாபகம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. என் கடையில் யாராவது இப்படிச் சுற்றிக் கொடுத்தால் தட்டிக்கொடுப்பேன். ஆனால் அந்தப் பாட்டுகளில்தான் எனக்கு செஸ்டர் இல்லாதது அதிகமாகத் தெரிகிறது. அச்சு அவருடைய அளவில் வெட்டின அச்சு. அதில் எமிலி எவ்வளவு உரமாகப் பாடினாலும், எமிலிக்கும் அந்த அச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி நிற்கிறது. மற்றவர்களுக்குக் கேட்காமல் போகலாம். இருபது வருடம் கேட்ட காதுக்கு அது முதலில் கேட்கிறது.

புதிதாகச் செய்த இடங்களில் அந்தத் தொந்தரவே இல்லை. 'ஓவர் ஈச் அதர்' எமிலியே முன்னால் நின்று பாடும் பாட்டு. மைக்கின் ராப் வந்து குறுக்கிடவில்லை, பழைய அச்சு இல்லை. பாப் பாட்டு மாதிரி எளிமையாக இருக்கிறது, பழைய ரசிகர்களில் பலருக்கு அது ஆல்பத்திலேயே சுமாரான பாட்டு. எனக்கு அதுதான் மூச்சுவிட முடிந்த பாட்டு. 'ஓவர்ஃப்ளோ' இன்னொன்று. மெதுவாக, அடியில் கனமாக, இருட்டான கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்குகிறது. 'காஷுவால்டி'யில் மைக்கே தொண்டை கிழியக் கத்துகிறார். இத்தனை வருடம் நேராகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடு வயதில் இப்படிக் கத்துவதைக் கேட்டபோது, அவர் இதுவரை இறக்கி வைக்காத ஒன்றை இறக்கி வைக்கிறார் என்று பட்டது. 2018-ல் அவர் தனியாகப் போட்ட 'போஸ்ட் ட்ராமாட்டிக்' ஆல்பத்தில் பெரும்பகுதி செஸ்டரின் சாவுக்குப் பிந்தைய துக்கத்தைப் பற்றித்தான், அதில்கூட இந்தக் கத்தல் இல்லை. கடைசிப் பாட்டு 'குட் திங்ஸ் கோ'வை நான் தினம் கேட்கிறேன்.

இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டிரம்மர் ராப் போர்டன் இந்தத் தடவை திரும்பி வரவில்லை. போர்டன் வாசிப்பது கடிகாரம் மாதிரி. ஆடம்பரம் கிடையாது, உலர்ந்த அடி, எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். காலின் பிரிட்டன் நல்ல கைக்காரர், இன்னும் வேகம், இன்னும் முறுக்கு. ஆனால் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டால் பேரிங் மாறியிருப்பது தெரிகிறது. பாடகரின் சாவு அளவுக்கு இது பெரியதில்லைதான். ஆனாலும் எனக்கு அந்த உலர்ந்த அடி வேண்டும்போல இருக்கிறது.

நண்பனிடம் போனில் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க இதைப் பேசினேன். "வேற பேர் வெச்சிருக்கணும்டா" என்றான். "அந்தப் பேர்ல பாடக்கூடாது."

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். இந்த பேண்ட் ஆரம்பித்தபோது அதன் பெயர் 'ஸீரோ'. அப்போது பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகின பிறகு 1999-ல்தான் செஸ்டர் வந்தார். அவரும் இன்னொருவர் நின்ற இடத்துக்கு வந்தவர்தான். இப்போது 'ஃப்ரம் ஸீரோ' என்று பெயர் வைத்ததிலேயே அந்தக் கதை இருக்கிறது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான், "மார்க் பாடி நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதில்ல. எனக்கு அந்த இடம் முதல்லயே செஸ்டரோடதுதான். வரலாறு சரியா இருக்கும்டா. எனக்கு அது உதவாது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

"உனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்று அவன் கேட்டான். "இல்ல அன்னிக்கு எழுதினதுக்காக இப்ப நல்லா இருக்குன்னு சொல்றியா?"

அந்தப் பதிவை நான் அழித்த பிறகு அவன் ஒரு தடவையும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். இத்தனை மாதம் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். அவன் கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் குறை தெரிந்தால் உடனே உள்ளே ஒரு கை வந்து வாயைப் பொத்துகிறது: சொல்லாதே, போன தடவை என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அதனால் பாராட்டுவது சுலபமாகிவிடுகிறது. அந்தப் பாராட்டில் எவ்வளவு எமிலிக்கு, எவ்வளவு என் கடன் கழிப்பதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. எமிலிக்கு அது நியாயமில்லை. ஒருவர் தொண்டையைக் கொடுத்துப் பாடியிருக்கிறார். அதை அதற்காகக் கேட்க வேண்டும். பிடித்தால் பிடித்தது என்றும், 'டூ ஃபேஸ்ட்' எனக்கு எண்ணிச் சுற்றியதாகத்தான் படுகிறது என்றும் பயப்படாமல் சொல்ல வேண்டும். மேலே சொன்னதையெல்லாம் அப்படிச் சொல்லத்தான் முயன்றிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கியிருந்தது.

போன வாரம் ராத்திரி கடையில் தனியாக இருந்தேன். அப்பா இப்போது சாயங்காலத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். நடுப்புணிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரின் மோனோபிளாக் ஸ்டேட்டருக்கு வார்னிஷ் ஊற்றி, வடியவிட்டு, உள்ளே 200 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தேன். அந்தச் சூட்டில் வார்னிஷ் இறுகும். காப்பர் கம்பிகளெல்லாம் தேன் நிறத்தில் மின்னும். கடை முழுக்க அந்த வாசனை இருக்கும். காலையில் அவர் வந்துவிடுவார், அதனால் காய்கிறவரை காத்திருக்க வேண்டும். காற்று ஷட்டரை ஆட்டிக்கொண்டிருந்தது.

'ஒன் மோர் லைட்'டை முதலிலிருந்து போட்டேன். தள்ளி ஓட்டவில்லை.

பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரம்கூட இல்லை. சில பாட்டு இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. இசை மெத்தென்றுதான் இருக்கிறது, கிடார் பின்னால்தான் இருக்கிறது. அது நான் அன்றைக்குச் சொன்னதில் சரியான பாதி. ஒன்பதாவதாக ஆல்பத்தின் பெயரிலேயே வரும் பாட்டு. பதிவு நிறுவனத்தில் அவர்களோடு வேலை செய்த ஒரு தோழி புற்றுநோயில் இறந்ததற்காக எழுதியது. டிரம் இடிக்கவில்லை. கிடாரை லேசாகத் தொடுகிறார்கள், அவ்வளவுதான். செஸ்டர் குரலை எழுப்பவேயில்லை.

நான் எழுந்து போய் ஸ்பீக்கரை எடுத்து மேசைமேல், என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஓரம் இருக்கிறது. நூல் பிரிந்த அந்த ஓரம், 2003 கேசட்டில் இருந்ததைவிட அதிகமாகப் பிரிந்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் தொங்குகிறது. எங்கேயும் போய்விடவில்லை. அன்றைக்கு நான் அலறலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், அது வரவில்லை என்றதும் பாட்டைத் தள்ளிவிட்டேன்.

கடைசிப் பாட்டும் முடிந்து அமைதியானது. நண்பனுக்கு 'ஓவர் ஈச் அதர்' பாட்டின் இணைப்பை அனுப்பினேன். "இது ஒண்ணு மட்டும் கேளு. இதில அவன் நின்ன இடமே இல்ல. உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, நான் இனி கேக்க மாட்டேன்" என்று எழுதினேன். ஷார்ஜாவில் அப்போது ஒன்பதரை மணி இருக்கும். பார்த்துவிட்டான். பதில் வரவில்லை.

பல்பை வெளியே எடுத்து, காயிலின் தலைப்பில் விரலை வைத்துப் பார்த்தேன். வார்னிஷ் இன்னும் லேசாக ஒட்டியது. பல்பை மறுபடி உள்ளே இறக்கிவிட்டு, 'ஒன் மோர் லைட்'டின் முதல் பாட்டிலிருந்து திரும்பப் போட்டேன்.